கையெழுத்துப் போடும் முன்: விபத்து இழப்பீடு கேள்வி-பதில்

பழைய பாக்கி (சின்ன பிக்கப் வண்டி) ஒன்று வாங்கப் போனால் டயரை உதைத்துப் பார்ப்போம், சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டுவோம், விவரம் தெரிந்த மச்சானையும் கூட்டிக்கொண்டு போவோம். அடிபட்ட பிறகு வக்கீல் பிடிக்கும்போது மட்டும் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் கோர்ட்டுகளில் விபத்து வழக்கு நடத்துகிற அட்டர்னி நான். வந்த கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. ஹிக்கின்சன் ஹைவேயில் அவன் போன டாக்ஸி இன்னொரு காருடன் மோதி இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறான். வார்டுக்கே வந்த ஒருவர், "ஒரு காசும் கட்ட வேண்டாம், ஜெயித்தால் 25 சதவீதம் மட்டும்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிப் போனார். ஒன்பது நாள் ஆகிறது. என் அண்ணனோ, வக்கீலே வேண்டாம், நேரடியாகவே கேட்கலாம் என்கிறார். என்ன செய்வது?
*— ஒரு தாய், சாட்ஸ்வொர்த்*

பதில்: அம்மா, முதலில் நாட்களை எண்ணுங்கள். "ஜெயித்தால்தான் ஃபீஸ்" என்ற ஒப்பந்தத்தை இந்த நாட்டில் 1997-ஆம் ஆண்டின் கன்டின்ஜென்சி ஃபீஸ் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அதன்படி கையெழுத்திட்ட நாளிலிருந்து 14 நாளுக்குள் எழுத்தில் தெரிவித்து விலகிக்கொள்ளலாம். உங்களுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. கடிதத்தில் மகன்தான் கையெழுத்திட வேண்டும், நீங்கள் அல்ல. ஈமெயிலில் அனுப்பி, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

விலகுவதா வேண்டாமா என்பதைக் கேட்டால், வார்டில் ஆள் பிடிக்கிற ஆபீஸிலிருந்து நான் விலகத்தான் சொல்வேன். அப்படி ஆள் பிடிப்பது எங்கள் தொழில் விதிகளுக்கே விரோதம். வந்தவர் பெரும்பாலும் வக்கீலாகவே இருக்க மாட்டார், தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குகிறவராக இருப்பார். ஒப்பந்தத்தின் பிரதியைக் கையெழுத்திட்ட அன்றே உங்கள் கையில் தர வேண்டும் என்பதும் சட்டம். தந்தாரா? இல்லை என்றால் அந்த ஆபீஸ் மற்ற விஷயங்களில் எப்படி நடந்துகொள்ளும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 25 சதவீதத்துக்கு வருவோம். நம் ஜனங்களை அதிகம் ஏமாற்றுகிற எண் இதுதான். ஜெயித்தால் வக்கீல் தன் வழக்கமான ஃபீஸைப் போல இரண்டு மடங்கு வரை வாங்கலாம், அல்லது கிடைத்த தொகையில் 25 சதவீதம் வாங்கலாம், இந்த இரண்டில் எது குறைவோ அதுதான் உச்சவரம்பு. மகனுக்கு 6 லட்சம் ரேண்ட் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 சதவீதம் என்றால் 1,50,000. வக்கீல் உழைத்த மணிக்கணக்குப்படி வழக்கமான ஃபீஸ் 60,000 என்றால் இரண்டு மடங்கு 1,20,000. ஆக 1,20,000-க்கு மேல் அவர் தொடக் கூடாது. "25 சதவீதம்தான் ரேட்" என்று யாராவது சொன்னால் மணிக்கணக்கை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். இந்தச் சட்டத்துக்கு வெளியே, "பொதுச் சட்டப்படி தனி ஒப்பந்தம்" என்று 30, 40 சதவீதம் பிடுங்கிய ஆபீஸ்களும் இருந்தன. அதெல்லாம் செல்லாது என்று 2014-ல் அரசியல் சாசன நீதிமன்றம் முடித்துவைத்தது.

அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சாலை விபத்துக் காயத்துக்கு டாக்ஸி ஓனர் மீது வழக்குப் போட முடியாது. 2008-லிருந்து அந்த வழி மூடியாகிவிட்டது. கேட்க வேண்டியது ரோட் ஆக்சிடென்ட் ஃபண்ட் (ஆர்ஏஎஃப்) என்ற அரசு விபத்து நிதியிடம். அது தானமும் இல்லை, ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் நீங்கள் அதற்கு 2 ரேண்டுக்கு மேல் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். வக்கீல் இல்லாமல் நேரடியாக விண்ணப்பிக்கலாம், அதற்குக் கட்டணமும் இல்லை. மகன் பயணி என்பது இன்னொரு சாதகம். இரண்டு டிரைவர்களில் யாராவது ஒருவர் மீது ஒரு சதவீதம் தப்பு இருந்தாலே அவனுக்கு முழுத் தொகை கேட்கலாம்.

ஆனாலும் இந்தக் கேஸுக்கு நான் வக்கீல் வைக்கத்தான் சொல்வேன். கை சுளுக்கு, நாலு நாள் சம்பளம் போயிற்று என்றால் அண்ணன் வழியில் போங்கள். இங்கே அப்படி இல்லை. வலிக்கும் வேதனைக்கும் என்று தனியாகத் தருகிற தொகை கடும் காயம் என்று நிரூபித்தால்தான் வரும். அதற்கு ஆர்ஏஎஃப் 4 என்ற படிவத்தை ஒரு டாக்டர் மதிப்பிட்டு நிரப்ப வேண்டும். முழு உடலின் செயல்திறனில் 30 சதவீதம் குறைந்திருக்க வேண்டும், அல்லது நிரந்தர ஊனம் போன்ற வேறு காரணம் காட்ட வேண்டும். 24 வயதுப் பையன் இன்னும் நாற்பது வருஷம் சம்பாதிக்க வேண்டியவன். அந்த இழப்பைக் கணக்கிட எலும்பு டாக்டர், வேலை செய்யும் திறனை மதிப்பிடும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், வருங்கால இழப்பைக் கணக்குப் போடும் ஆக்சுவரி என்று வரிசையாக அறிக்கை வேண்டும். வீட்டில் உட்கார்ந்து அதையெல்லாம் செய்து முடிக்க முடியாது.

புது வக்கீலிடம் போகும்போது மூன்று விஷயம் கேளுங்கள். இந்த வருஷத்து ஃபிடிலிட்டி ஃபண்ட் சர்டிபிகேட் இருக்கிறதா? (கட்சிக்காரர் பணத்தை வைக்கிற அவர் டிரஸ்ட் கணக்கில் உங்கள் பணம் திருடு போனால் அந்த ஃபண்டிடம் திரும்பக் கேட்கலாம். சர்டிபிகேட் இல்லாதவர் ஆபீஸ் திறக்கவே கூடாது.) தோற்றால் டாக்டர் அறிக்கைகளுக்கான செலவும் எதிர்த்தரப்பின் செலவும் யார் தலையில்? ஜெயித்தால் ரோட் ஆக்சிடென்ட் ஃபண்ட் தனியாகக் கட்டுகிற கோர்ட் செலவுத் தொகை யாருக்குப் போகும்? மூன்றாவது கேள்விக்கு முகம் மாறுகிறதா என்று பாருங்கள். சரி, அதை வைத்தே முடிவு பண்ணிவிடலாம்.

கேள்வி: தைப்பூசத்தன்று விடியற்காலையில் கோயிலுக்கு நடந்துபோன எங்கள் தாத்தாவை ஒரு பாக்கி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. நம்பர் தெரியாது. ஒரு வருஷம் பத்து மாதம் ஆகிறது. மூன்று வருஷம் டைம் இருக்கிறது என்கிறார்களே?
*— பேரன், டொங்காட்*

பதில்: இல்லை தம்பி. வண்டியோ டிரைவரோ தெரிந்திருந்தால்தான் மூன்று வருஷம். இடித்துவிட்டு ஓடிய வண்டிக்கு இரண்டே வருஷம். உங்களிடம் இரண்டு மாதம்கூட முழுசாக இல்லை. இந்த வாரமே போலீஸ் விபத்து அறிக்கையின் நம்பரை வாங்குங்கள், தாத்தா நடந்ததை எழுதிச் சத்தியப்பிரமாணம் செய்யட்டும். ஆர்ஏஎஃப் 1 என்ற விண்ணப்பப் படிவத்தில் மருத்துவப் பகுதியைச் சிகிச்சை செய்த டாக்டரோ ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரோதான் நிரப்ப வேண்டும், அதற்கே மூன்று வாரம் இழுக்கும். ஃபண்டில் கொடுத்தால் தேதி முத்திரை போட்ட பிரதி இல்லாமல் திரும்பி வராதீர்கள்.

அடிபட்டது குழந்தை என்றால், வண்டி தெரிந்த கேஸில் 18 வயது ஆகும் வரை காலக்கெடு ஓடாது. ஆனால் ஓடிப்போன வண்டிக்கு அந்தச் சலுகை இல்லை, குழந்தைக்கும் இரண்டு வருஷம்தான். இது தெரியாமல் "வயசு வரட்டும்" என்று காத்திருந்து கோட்டைவிட்ட குடும்பங்கள் உண்டு. இன்னொன்று. ஃபைலைக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். ஃபண்டுக்கு 120 நாள் அவகாசம். அதற்கும் பதில் இல்லை என்றால், விபத்து நடந்து ஐந்து வருஷத்துக்குள் சம்மன் போயாக வேண்டும்.

கேள்வி: ஃபீனிக்ஸில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கொட்டிக் கிடந்த எண்ணெயில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகியது. வாசலில் "சொந்தப் பொறுப்பில் உள்ளே வரவும்" என்று போர்டு இருக்கிறது. மேனேஜர் 500 ரேண்ட் வவுச்சரும் ஒரு பேப்பரும் நீட்டினார், வாங்கவில்லை. இதுவரை செலவு 4,000 ரேண்ட்.
*— இல்லத்தரசி, ஃபீனிக்ஸ்*

பதில்: பேப்பரை வாங்காமல் வந்தீர்கள் பாருங்கள், அது உங்களுக்கு ரொம்ப மிச்சம் அம்மா. அந்த மாதிரிப் பேப்பரில் "முழுமையான, இறுதியான தீர்வு" என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்திட்டால் 500 ரேண்டோடு கதை முடிந்தது.

போர்டைக் கண்டு பயப்பட வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொறுப்பைத் தட்டிக்கழிக்கிற அறிவிப்பு எளிய மொழியில், கண்ணில் படுகிற மாதிரி, நீங்கள் உள்ளே போகும் முன்பே இருக்க வேண்டும். அப்படியே இருந்தாலும் படுமோசமான கவனக்குறைவுக்கு எந்தப் போர்டும் கேடயம் ஆகாது. ஜோஹன்னஸ்பர்க் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் பெரிய கேட் சரிந்து விருந்தாளி மேலே விழுந்த வழக்கில், ஹோட்டல் தன் விலக்கு வாசகத்தைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தது. 2012-ல் ஹைகோர்ட் அதை ஏற்கவில்லை.

எண்ணெய் கிடந்தது என்று நீங்கள் காட்டினால் போதும். எப்போது கொட்டியது, யார் துடைக்க வேண்டும், என்ன ஏற்பாடு வைத்திருந்தோம் என்றெல்லாம் விளக்க வேண்டியது கடைக்காரர் பாடு. அதற்குச் சாட்சி அவர்களுடைய கேமரா. அந்தப் பதிவின் மேலேயே அடுத்த பதிவு ஏறிவிடும். ஆகவே "இந்தத் தேதி, இந்த மணிப் பதிவை அழிக்காமல் வையுங்கள்" என்று இன்றைக்கே ஈமெயில் போடுங்கள். விழுந்த அன்று போட்டிருந்த செருப்பைக் கழுவாமல் ஒரு பையில் கட்டி வையுங்கள். சிரிக்காதீர்கள், "வழுவழு செருப்பு போட்டு வந்தார்" என்பதுதான் கடை வக்கீலின் முதல் வாதமாக இருக்கும்.

4,000 ரேண்டுக்கு என்னைப் போன்ற ஆளிடம் வராதீர்கள், என் ஃபீஸ் அதைவிட அதிகமாகிவிடும். 20,000 ரேண்ட் வரை ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் கேட்கலாம். அங்கே வக்கீலுக்கு இடமே இல்லை, கடைக்காரரும் வக்கீலைக் கொண்டுவர முடியாது. மணிக்கட்டு சரியாகாமல் ஆபரேஷன் வரை போனால் அப்புறம் யோசிப்போம். அதற்கு மூன்று வருஷம் இருக்கிறது. ஆனால் வேறு யாராவது முனிசிபாலிட்டியின் மூடாத சாக்கடையில் விழுந்திருந்தாலோ, மாகாண அரசு ஆஸ்பத்திரியின் தவறால் பாதிக்கப்பட்டிருந்தாலோ, ஆறு மாதத்துக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். அந்தக் கணக்கு வேறு.

கேள்வி: ஃபைல் போட்டு மூன்று வருஷம் ஆகிறது. வக்கீல் "கோர்ட் தேதி" என்றே சொல்கிறார். கேஸை நம்பிக் கடன் தருகிறோம் என்று ஒரு கம்பெனி கூப்பிடுகிறது.
*— வாசகர், லெனேசியா*

பதில்: உங்கள் வக்கீல் பொய் சொல்லவில்லை. உங்கள் கௌட்டெங் மாகாண ஹைகோர்ட்டில் விசாரணைத் தேதிகள் 2031 வரை நீண்டிருந்தன. அதனால்தான் 2025 ஏப்ரலில், சமரசப் பேச்சு நடத்தாமல் தேதி கேட்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. உங்கள் கேஸில் சமரசம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். கடனை மட்டும் தொடாதீர்கள். வட்டி இழப்பீட்டைத் தின்றுவிடும், கடன் நெருக்கும்போது ஃபண்ட் முதலில் நீட்டுகிற குறைந்த தொகைக்கே தலையாட்டிவிடுவீர்கள்.

கேள்வி: என் மாமியார் அடுத்த மாதம் கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறார். குறுக்கு விசாரணை என்றாலே நடுங்குகிறார். எப்படித் தயார் செய்வது?
*— மருமகள், மெரிபேங்க்*

பதில்: மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள், அதுதான் முதல் கேள்வியிலேயே உடையும். கேட்டதற்கு மட்டும் பதில், தெரியாததற்குத் "தெரியாது", மறந்ததற்கு "ஞாபகம் இல்லை". வண்டி எவ்வளவு வேகத்தில் வந்தது என்று கேட்டால் நூறு, நூற்றிருபது என்று அடித்துவிட வேண்டாம். ரோபோட்டில் (சிக்னல் விளக்கில்) சிவப்பு எரிந்ததா என்று பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே சொல்லட்டும்.

பழைய நோவை மறைக்க வேண்டாம். முன்பே முழங்கால் வலி இருந்தது ஆஸ்பத்திரிக் கார்டில் இருக்கும், எதிர்த்தரப்பு அதை வரவழைத்துப் படித்திருக்கும். "முன்னால் வலி இருந்தது, ஆனால் படி ஏறுவேன், பூஜைக்கு நானே சமைப்பேன், இப்போது முடியவில்லை" என்பது நல்ல சாட்சி. மறைத்து மாட்டிக்கொண்டால் உண்மையாகச் சொன்னதும் சேர்ந்து போகும். என் கட்சிக்காரர் ஒருவர் தோளுக்கு மேல் கையே தூக்க முடியாது என்றார். எதிர்த்தரப்பு அட்வகேட் அமைதியாக ஒரு ஃபேஸ்புக் படத்தை நீட்டினார். காவடியோடு என் கட்சிக்காரர், இரண்டு கையும் மேலே! வேண்டுதலுக்காக வலியைப் பொறுத்துக்கொண்டு பத்து நிமிடம் எடுத்தாராம். அது உண்மையாகவே இருக்கலாம், எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் நானே அந்தப் படத்தைக் காட்டி விளக்கியிருப்பேன். வீட்டில் யார் யார் போனில் என்ன படம் ஏறியிருக்கிறது என்று உங்கள் வக்கீலிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அழிக்க வேண்டாம், அழித்தது தெரிந்தால் அது இன்னும் மோசம்.

மாமியாருக்கு இங்கிலீஷ் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று வக்கீல் மூலம் கோர்ட்டுக்குச் சில வாரம் முன்பே சொல்லி வையுங்கள். அன்று காலையில் கேட்டால் ஆள் கிடைக்காமல் தேதி தள்ளிப்போகும். மருமகள் நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லித்தர முடியாது.