பழைய வீட்டோடு வந்த, குதிரை இழுக்கும் விவசாயக் கருவி என்னவென்று எப்படிக் கண்டுபிடிப்பது? நானே புதுப்பிக்க முடியுமா?

முடியும். முதலில் அந்தக் கம்பித் தூரிகையைக் கீழே வையுங்கள்.

"ஓஹியோவில் வீடு வாங்கியிருக்கிறேன், கொட்டகைக்குப் பின்னால் துருவேறிய ஏதோ ஒன்று கிடக்கிறது, இரண்டு இரும்புச் சக்கரம், ஓர் இருக்கை, கலப்பை மாதிரி தெரிகிறது." இவ்வளவுதான் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். மற்றதை நானே ஊகித்துக்கொள்கிறேன். துரு நீக்கும் திரவம் ஒரு பாட்டில் வாங்கியாகிவிட்டது. சிவப்புப் பெயின்ட்டும் வாங்கியிருப்பீர்கள். வாசலில் நிறுத்திச் சுற்றிலும் செவ்வந்தி வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று வீட்டில் பேச்சு நடந்திருக்கும். தவறு என்று சொல்லவில்லை. உங்கள் வீடு, உங்கள் இரும்பு. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

பெரும்பாலும் அது கலப்பையாக இருக்காது. இரண்டு சக்கரம், நடுவே பல்சக்கரப் பெட்டி, அதன்மேல் இருக்கை, வலப்பக்கம் கீழே எதையோ பிடுங்கி எடுத்ததுபோல ஒரு மூட்டு இருந்தால் அது புல்வெட்டி. தரையோடு தரையாக நீளும் வெட்டுச் சட்டத்தை யாராவது எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள்; அது இல்லாத புல்வெட்டியைப் பார்த்தால் எதைப் போலவும் தோன்றாது. மார்பளவு உயரச் சக்கரங்களும் பின்னால் வில்லாக வளைந்த நீண்ட பற்களும் இருந்தால் புல் வாரி. நீளப் பெட்டியும் அடியில் வரிசையாகக் குழாய்களும் தெரிந்தால் விதைப்புக் கருவி. இதற்குமேல் படம் பார்க்காமல் சொல்லக் கூடாது.

என்னுடையது புல்வெட்டி. பென்சில்வேனியாவில், லங்காஸ்டர் மாவட்ட எல்லையை ஒட்டி, கொட்டகையோடு சேர்த்து வாங்கிய வீடு. நான் பகலில் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறவன். கொல்லனும் அல்ல, தச்சனும் அல்ல. "இவருக்கு என்ன தகுதி" என்று கீழே கேட்கப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

நான் செய்த முதல் தவறு எண்ணை நம்பியது. வார்ப்பிரும்புத் துண்டு ஒன்றில் ஓர் எழுத்தும் சில இலக்கங்களும் புடைத்துக்கொண்டிருந்தன. அதுதான் மாடல் எண் என்று நினைத்து மூன்று வாரம் தேடினேன். அது அந்தத் துண்டின் எண். உடைந்தால் அதைச் சொல்லி இன்னொன்று வாங்குவதற்காக வார்த்தது. ஒரே துண்டை இரண்டு மூன்று மாடல்களுக்குப் பொதுவாகப் போட்டிருப்பார்கள். காப்புரிமைத் தேதியும் அப்படித்தான். மூடியில் ஒரு தேதி இருந்தால் அதற்குப் பிறகு செய்தது என்று மட்டும் தெரியும். பிறகு என்றால் ஐந்து வருடமாகவும் இருக்கலாம், இருபது வருடமாகவும் இருக்கலாம்.

கலப்பையாக இருந்தாலும் கொழுவில், அதாவது மண்ணைக் கிழிக்கும் இரும்பு முனையில், இருக்கும் பெயரை நம்பாதீர்கள். நம் ஊர் உழவரைக் கேட்டாலே சொல்வார், கொழு தேயும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இங்கேயும் அதே கதைதான். ஒருவர் செய்த கலப்பைக்கு வேறொருவர் வார்த்த கொழு மலிவாகக் கிடைத்தது. ஆகவே கலப்பையின் உடலில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

எனக்கு விடை கிடைத்தது பல்சக்கரப் பெட்டியில். கரித்துண்டைத் தாளின்மேல் தேய்த்து எடுத்தபோது 'மெக்கார்மிக்-டீரிங்' என்று வந்தது. பள்ளிக்கூடத்தில் நாணயத்தின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதே வேலை. இரும்புக்கு ஒரு கீறல்கூட விழாது. அந்த இரட்டைப் பெயரே பாதி ஜாதகத்தைச் சொல்லிவிடும். மெக்கார்மிக்கும் டீரிங்கும் ஒருவரையொருவர் விழுங்கப் பார்த்த போட்டி நிறுவனங்கள். 1902இல் இன்னும் மூன்று நிறுவனங்களோடு சேர்ந்து இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ஆனார்கள். ஆன பிறகும் ஒரே ஊரில் மெக்கார்மிக்குக்கு ஒரு கடை, டீரிங்குக்கு ஒரு கடை என்று தனித்தனியாகவே விற்றார்கள். ஏகபோக வழக்கு ஒன்றில் 1918இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி ஊருக்கு ஒரு முகவர்தான் என்றானது. இரண்டு பெயரும் ஒரே இயந்திரத்தில் ஏறியது அதன் பிறகு, 1920களில். 1940களின் கடைசியில் 'டீரிங்' உதிர்ந்துவிட்டது. என்னுடையது 9ஆம் எண் மாடல். குதிரைப் புல்வெட்டிகளின் கடைசிக் காலத்தில் வந்தது, இன்றும் ஆமிஷ் விவசாயிகள் (டிராக்டருக்குப் பதில் விலங்குகளைப் பூட்டி உழும் கிறிஸ்தவச் சமூகத்தார்) தேடி வாங்குவது. அதற்குப் புதிய உதிரிப்பாகங்கள் இப்போதும் கிடைக்கின்றன. உங்களுக்கும் அதுவே கிடைத்திருந்தால் அதிர்ஷ்டசாலி.

இரண்டாவது தவறை எழுதக் கூச்சமாக இருக்கிறது. வெட்டுச் சட்டத்தைத் தூக்கும் நெம்புகோல் இறுகிப்போயிருந்தது. எண்ணெய் விட்டேன், இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் சம்மட்டியால் ஒன்று போட்டேன். நெம்புகோல் அசையவில்லை, அதைத் தாங்கிய வார்ப்புத் துண்டு பானை ஓடு விரிவதுபோல விரிந்து இரண்டானது. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். பள்ளியில் படித்ததுதான். படித்தது கைக்கு வர எனக்கு அறுபது டாலர் செலவானது. இறுகிய இடத்தைச் சூடாக்கி, மெழுகுவர்த்தியை அதன்மேல் வைத்தால் மெழுகு உருகி இடுக்குக்குள் இறங்கும். ஆறவிட்டு, மறுபடி சூடாக்கி, மெல்ல அசைக்க வேண்டும். ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும்.

உடைந்த துண்டைத் தூக்கிக்கொண்டு நாலு மைல் தள்ளியிருந்த ஓர் ஆமிஷ் பெரியவரின் பட்டறைக்குப் போனேன். (பெயர் போட மாட்டேன், படமும் கேட்காதீர்கள், அவர்களுக்குப் பிடிக்காது.) அவர் துண்டைத் திருப்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சுத்தியலா?"

"சம்மட்டி."

"இதை ஒட்டலாம். ஆனால் இதே மாதிரி இன்னொரு வண்டி வாங்கு. ஒன்றைச் சரிசெய்ய இரண்டு வேண்டும்."

வியாபாரத் தந்திரம் என்று நினைத்தேன். இல்லை, ஊர் வழக்கமே அதுதான். ஏலத்தில் இன்னொன்று எடுத்து அதிலிருந்து தாங்கியும் வெட்டுச் சட்டமும் கழற்றிக்கொண்டேன். வீட்டில் அந்த இரண்டாவது வண்டி வந்த அன்று நடந்த உரையாடலை இங்கே எழுதப்போவதில்லை.

துருவைப் பற்றி எல்லோரும் ஆளுக்கொன்று சொல்வார்கள். சிறிய பாகங்களுக்கு நான் பயன்படுத்துவது வாஷிங் சோடா கரைத்த தண்ணீரும் பேட்டரி சார்ஜரும். துருப்பிடித்த பாகத்தை எதிர்முனையிலும், வேண்டாத இரும்புத் துண்டை நேர்முனையிலும் கட்டித் தொங்கவிட வேண்டும். எவர்சில்வரைத் தொங்கவிடாதீர்கள், நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். வெளியே வைத்துச் செய்யுங்கள், வாயு தீப்பற்றும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், காய்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தடவினால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே எரியும். வேதியியல் ஆசிரியர்கள் யாராவது திருத்த வந்தால் வரவேற்கிறேன், ஆனால் நான் செய்து பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

நான் மிகவும் வருந்துவது பெயின்ட்டுக்காக. விலங்குகளைப் பூட்டும் ஏர்க்கால் மரம் உளுத்திருந்தது. ஆனால் இரும்புப் பட்டைக்கு அடியில் ஒளிந்திருந்த ஒரு சாண் இடத்தில் பழைய நிறமும் அச்சு எழுத்தின் ஒரு கால்பகுதியும் மிஞ்சியிருந்தன. அழுக்கு என்று நினைத்து உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, முழுவதற்கும் தீயணைப்பு வண்டிச் சிவப்பு அடித்தேன். அந்த எழுத்து என்ன என்பது இனிமேல் எவருக்கும் தெரியாது. புதுப்பிப்பது என்ற பெயரில் நான் செய்ததிலேயே திருப்பிச் சரிசெய்ய முடியாதது அதுதான். உடைந்த வார்ப்புக்காவது மாற்று கிடைத்தது.

இங்கே கொஞ்சம் விலகிப்போகிறேன், பிடிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.

தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் அப்பாருவின் (தாத்தாவின்) பார வண்டி ஒன்று இருந்தது. சக்கரத்தின் நடுக் குடமும் ஆரக்காலும் வெளி வட்டையும் ஓர் ஆசாரி ஒரு பங்குனி மாதம் முழுக்க எங்கள் திண்ணையிலேயே தங்கி இழைத்தது. பட்டை போட்ட நாளைப் பற்றி அப்பாரு சொல்லும்போது, வறட்டி நெருப்பில் பழுத்த இரும்பைச் சக்கரத்தில் இறக்கித் தண்ணீர் ஊற்றியதும் மரம் முனகியது என்பார். மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீரைக் கவலை இறைத்த தோல் பறியும் இரும்புச் சாலும்கூட அட்டாலியில் (பரணில்) கிடந்தன. என் பெரியப்பா மகன் ஒரு நாள் எல்லாவற்றையும் விற்றுவிட்டார். சக்கரம் இரண்டும் ஒரு சொகுசு விடுதிக்குப் போயின. ஒன்று மேசையாகிவிட்டது, மேலே கண்ணாடி. இன்னொன்று கூரையிலிருந்து பல்புகளோடு தொங்குகிறது. "சும்மா கிடந்த சாமான்தானே, நீ என்ன வந்து வண்டி ஓட்டப் போகிறாயா?" என்றார். ஓட்டப்போவதில்லைதான். ஆனால் விற்பதற்கு முன்னால் ஒரு போன் செய்திருக்கலாம். சால் எங்கே போனது என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. பழைய பித்தளை அண்டாவுக்கு மட்டும் நான்கு பேர் பங்கு கேட்டார்கள்.

சரி. புல்வெட்டிக்கு வருகிறேன்.

"குதிரையே இல்லாமல் இதை எதற்குச் சரிசெய்தாய்?" என்று இங்கே தமிழ்ச் சங்க நண்பர்கள் கேட்டார்கள். குதிரை இல்லைதான். அந்தப் பெரியவர்தான் ஒரு ஜூன் மாலை தன் விலங்குகளோடு வந்தார். வந்தவை குதிரைகளும் அல்ல, இரண்டு கோவேறு கழுதைகள். லங்காஸ்டர் ஆமிஷ்காரர்கள் வயல் வேலைக்கு அவற்றைத்தான் அதிகம் பூட்டுகிறார்கள். நாற்பது அடி போனதும் சட்டத்தில் புல் அடைத்துக்கொண்டது. அவர் இறங்கி, வெட்டுச் சட்டத்தின் வெளிமுனை உள்முனையைவிட எவ்வளவு முன்னால் நிற்கிறது என்று அளந்தார். நான் வெகு ஒழுங்காக நேர்கோட்டில் வைத்திருந்தேன். அது தவறாம். ஓடும்போது புல் சட்டத்தைப் பின்னுக்குத் தள்ளும். அதனால் ஓர் அடிக்குக் கால் அங்குலம் முன்னால் நிற்க வேண்டும். என் ஐந்தடிச் சட்டத்துக்கு ஒன்றேகால் அங்குலம். பிறகு பிட்மேன் என்ற மரத்தண்டைத் தொட்டுப் பார்த்தார். மிதி தையல் இயந்திரத்தில் மிதிபலகையையும் சக்கரத்தையும் இணைக்கும் தண்டு இருக்கிறதே, அதே மாதிரிதான், இங்கே தலைகீழாக, சக்கரத்தின் சுழற்சியை வெட்டுக் கத்தியின் இட வல ஓட்டமாக மாற்றுவது. நான் கடையில் கிடைத்த ஏதோ பைன் மரத்தில் செய்து மாட்டியிருந்தேன். "இது மதியம்வரை தாங்காது" என்றார். மணி அப்போதே மாலை ஐந்து. ஆஷ் அல்லது ஹிக்கரி மரத்தில், முடிச்சில்லாமல், நார் நேராக ஓடும் துண்டில் செய்ய வேண்டும். அவரே தன் பட்டறையிலிருந்து ஒன்று கொண்டுவந்திருந்தார், எட்டு டாலர் வாங்கிக்கொண்டார்.

இரண்டாம் முறை புல் பாய் விரிந்ததுபோல விழுந்தது. வண்டியைப் பின்னுக்குத் தள்ளும்போது சக்கரக் குடத்துக்குள் இருக்கும் நாக்குகள் (முன்னோக்கிப் போகும்போது மட்டும் பல்லில் பிடிப்பவை) டிக் டிக் டிக் என்று தாவும். உங்கள் வண்டியிலும் ஒரு சக்கரத்தைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கிப் பின்னோக்கிச் சுழற்றிப் பாருங்கள். அந்தச் சத்தம் வந்தால் உள்ளே பெரிய சேதம் இல்லை என்று நம்பலாம். வராவிட்டால் நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும், மெழுகு முறைதான்.

படம் போடும்போது எல்லோரும் இருக்கையைத்தான் எடுக்கிறார்கள். இருக்கைகளை நூறு வருடமாக மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பல்சக்கரப் பெட்டியை மேலிருந்து ஒன்று, வலப்பக்க மூட்டை ஒன்று, சக்கரக் குடத்தை ஒன்று எடுங்கள். பக்கத்தில் அளவுக்கு ஒரு தீப்பெட்டி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.