டோட்டோ: நெடுநாள் வராத எண்ணை எடுத்தால் வாய்ப்பு கூடுமா?

தம்பி, ரூமில் நான்கு பேர் சேர்ந்து சிங்கப்பூர் டோட்டோ லாட்டரியில் வாரம் 28 வெள்ளிக்கு (டாலருக்கு) சிஸ்டம் 8, அதாவது எட்டு எண் சீட்டு, போடுகிறீர்கள். நெடுநாள் வராத எண்களாகப் பார்த்து எடுத்தால் வாய்ப்பு கூடுமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. போன வாரம் எது வந்தது என்று அந்தப் பந்துகளுக்கு ஞாபகமா இருக்கப்போகிறது? 49 எண்களில் 6 எடுக்க 1,39,83,816 வழிகள் உண்டு. ஒவ்வொரு குலுக்கலிலும் இதே கணக்குதான்.

சிஸ்டம் 8-லும் மாயமில்லை. எட்டு எண்களை ஆறாறாகச் சேர்த்தால் 28 சேர்க்கை, சேர்க்கைக்கு ஒரு வெள்ளி, அவ்வளவே. வெவ்வேறு எண்களில் 28 சாதாரணச் சீட்டு எடுத்தாலும் முதல் பரிசுக்கு அதே வாய்ப்பு. விற்பனையில் 54 சதவீதம்தான் பரிசுக்குப் போகிறது என்பதையும் மனதில் வையுங்கள்.

ஒன்று மட்டும் சொல்லலாம். பிறந்தநாள் பார்த்து எடுப்பவர்கள் 31-க்குள்ளேயே சுற்றுவார்கள். அதைத் தாண்டிய எண்களையும் கலந்தால், அடித்தால் (அடித்தால்!) பங்குக்கு ஆள் குறையலாம்.

அப்புறம், கூட்டுச் சீட்டில் எனக்குப் பயம் பணத்தைவிட நட்பைப் பற்றித்தான். வாங்கியதும் படமெடுத்து, யார் எவ்வளவு போட்டார் என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிடுங்கள். பரிசு கேட்க 180 நாள் அவகாசம் உண்டு.

நானாக இருந்தால் ஊருக்குப் பணம் அனுப்பிய பிறகு, ஆளுக்கு ஒரு வெள்ளியோடு நிறுத்திக்கொள்வேன்.