ஷேர்பாயிண்டில் பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) கோப்புகள் தேடலில் சிக்கவில்லையா?

அலுவலகக் கோப்புகளைச் சேமித்துப் பகிரும் மைக்ரோசாஃப்ட் ஷேர்பாயிண்டில் ‘பர்ச்சேஸ் ஆர்டர்’ என்று தேடினால் பாதிக் கோப்புகள் வருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் தந்த கோப்புப் பெயர்களைப் பார்த்தேன்: ஒருவர் ‘பி.ஓ.’, இன்னொருவர் ‘கொள்முதல் ஆணை’, மூன்றாமவர் ‘ஸ்கேன்0047’. தேடலைத் திட்டி என்ன பயன்!

ஆவண வகைக்கு வெறும் எழுத்துப் பெட்டி வேண்டாம். டெர்ம் ஸ்டோரிலிருந்து (ஷேர்பாயிண்டின் பொதுச் சொல் பட்டியல்) சொல்லைத் தேர்ந்தெடுக்கும் ‘மேனேஜ்டு மெட்டாடேட்டா’ நெடுவரிசை வையுங்கள். அங்கே ‘பர்ச்சேஸ் ஆர்டர்’ முதன்மைச் சொல், மற்றவை அதன் மாற்றுச் சொற்கள். யாராவது ‘பி.ஓ.’ என்று தட்டித் தேர்ந்தாலும் முதன்மைச் சொல்லே பதிவாகும்.

அப்புறம், கட்டாயம் நிரப்ப வேண்டிய நெடுவரிசைகள் மூன்றைத் தாண்ட வேண்டாம். எங்கள் அலுவலகத்தில் ஒன்பது வைத்தோம்; எல்லோரும் பட்டியலில் முதலில் இருந்ததைத் தட்டிவிட்டுப் போனார்கள். சப்ளையர் பெயரை ஃபோல்டர் வாரியாக டிஃபால்ட்டாகவே, அதாவது தானே நிரம்பும்படி, கொடுத்துவிடலாம். அது புதிதாக ஏற்றுபவற்றுக்கு மட்டும்தான் ஒட்டும். பழையவற்றை கிரிட் வியூவில் (கட்டம் கட்டமான அட்டவணைத் தோற்றம்) திறந்து, எக்செல் போல நகலெடுத்து ஒட்டுங்கள்.