ஓட்டோவின் புத்தகத்தை மீட்க 25,000 ரூபாய் தரகுக் காசு தேவையில்லை

கேள்வி: ஐயா, 2019 இல் லீசிங்கில் ஓட்டோ எடுத்தேன். கொரோனா காலத்தில் சில மாதத் தவணை கட்ட முடியவில்லை. பிறகு விட்டதையெல்லாம் கட்டி, கடைசித் தவணையும் முடித்துவிட்டேன். வாகனப் புத்தகத்தைக் கேட்டால், இன்னும் 138,000 ரூபாய் நிலுவை என்கிறார்கள். யாழ்ப்பாணக் கச்சேரிப் பக்கம் ஒருவர், கொழும்பில் ஒம்புட்ஸ்மன் அலுவலகத்தில் தனக்கு ஆள் இருப்பதாகவும் 25,000 தந்தால் முடித்துத் தருவதாகவும் சொல்கிறார். கொடுக்கலாமா? (ஒரு வாசகர், கொடிகாமம்)

பதில்: கொடுக்க வேண்டாம். ஒரு சதமும் வேண்டாம். நிதி ஒம்புட்ஸ்மன், அதாவது நிதியியல் குறைகேள் அதிகாரி, முறைப்பாட்டை விசாரிக்கக் கட்டணம் எடுப்பதில்லை. சட்டத்தரணியும் தேவையில்லை. ஒரு கடிதம், அதோடு பத்திரங்களின் பிரதிகள், பதிவுத்தபால் செலவு, அவ்வளவுதான். "ஆள் இருக்கிறது" என்பவர் செய்யப்போவதும் அந்தக் கடிதத்தை எழுதுவதுதான். அதையும் பல நேரம் பிழையாக எழுதுகிறார்கள்.

முதலில் 138,000 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நீங்கள் பொய் சொல்லவில்லை, கம்பனி கணக்கும் முழுக்கப் பொய்யாக இருக்காது. பெரும்பாலான லீசிங் ஒப்பந்தங்களில், நீங்கள் கட்டும் காசு முதலில் தாமதக் கட்டணத்துக்கும் அறவீட்டுச் செலவுக்கும் போகும். மிச்சம்தான் தவணைக்கு. உங்கள் தவணை 21,500 என்று வையுங்கள். பிந்திக் கட்டினீர்கள், 3,000 தாமதக் கட்டணம் விழுந்தது. நீங்கள் 21,500 கட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறீர்கள். கம்பனிப் புத்தகத்தில் தவணைக்கு 18,500 தான் வந்திருக்கிறது. விடுபட்ட 3,000 அடுத்த மாதமும் பிந்திய தவணையாகவே நிற்கும், அதற்கும் தாமதக் கட்டணம் ஏறும். இப்படி இரண்டு மூன்று வருடம் உருண்டால், கடைசித் தவணை கட்டிய அன்றும் கணக்கு முடியாது.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது "ஏன் புத்தகம் தரவில்லை" என்பதல்ல. முதல் நாளிலிருந்து இன்றுவரை நீங்கள் கட்டிய ஒவ்வொரு தொகையும் எந்தக் கணக்கில் எவ்வளவு பதியப்பட்டது என்ற முழுக் கணக்குக்கூற்றைக் கேளுங்கள். அதில் 2020 ஐக் கவனமாகப் பாருங்கள். அந்த வருடம் மார்ச்சில் அறிவித்த கொரோனாச் சலுகையில் முச்சக்கரவண்டி லீசிங்குக்கும் ஆறு மாத அவகாசம் இருந்தது. அந்த மாதங்களுக்குத் தாமதக் கட்டணம் போட்டிருந்தால், உங்கள் முறைப்பாட்டின் மிகப் பலமான வரி அதுதான்.

பற்றுச்சீட்டுகளை இன்றைக்கே எடுத்து வையுங்கள். லீசிங் கவுண்டர்களில் தரும் வழுவழுப்பான வெப்பத்தாள் சீட்டை ஓட்டோவின் முன்பெட்டியில் போட்டால், நம் ஊர் வெயிலுக்கு ஒரு வருடத்தில் வெள்ளைத்தாள் ஆகிவிடும். என்னிடம் வந்த ஒருவர் நாற்பத்திரண்டு சீட்டுக் கொண்டுவந்தார். எழுத்துத் தெரிந்தவை பதினொன்று. எழுத்துத் தெரியும்போதே போட்டோப்பிரதி எடுங்கள். வீட்டுக்கு வந்து காசு வாங்கிப்போன அறவீட்டு அலுவலர் சீட்டுத் தராமல் கொப்பியில் கையெழுத்து மட்டும் வைத்திருந்தால், அந்தக் கொப்பிப் பக்கத்தையும் பிரதி எடுங்கள்.

கடிதம் முதலில் கம்பனிக்குத்தான் போக வேண்டும். கிளை முகாமையாளருக்கு ஒன்று, தலைமை அலுவலகத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு ஒன்று, இரண்டும் பதிவுத்தபாலில். கம்பனிக்குப் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் நேரே ஒம்புட்ஸ்மனிடம் போனால், "முதலில் கம்பனியிடம் கேளுங்கள்" என்று கடிதம் திரும்பிவரும். தரகர்கள் இதைச் சொல்லுவதில்லை. திரும்பிவந்த கடிதத்தைக் காட்டி, "இது சிக்கலான விடயம், இன்னும் பத்தாயிரம் வேணும்" என்பார்கள்.

அடுத்ததைத் தயவுசெய்து இரண்டு தரம் வாசியுங்கள். விடயம் நீதிமன்றத்திலோ நடுத்தீர்ப்பிலோ (நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவர் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் முறை) இருந்தால் ஒம்புட்ஸ்மன் அதைத் தொட மாட்டார். லீசிங் ஒப்பந்தங்களின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், பிணக்கு வந்தால் நடுத்தீர்ப்பாளரிடம் போகலாம் என்று ஒரு பிரிவு இருப்பது வழக்கம். கம்பனி அந்த வழியில் போனால் உங்களுக்குப் பதிவுத்தபாலில் அறிவித்தல் வரும், பெரும்பாலும் ஆங்கிலத்தில் அல்லது சிங்களத்தில். விளங்காத கடிதம் என்று அலுமாரிக்கு மேலே வைத்துவிடுகிறார்கள். நீங்கள் போகாவிட்டாலும் விசாரணை நடக்கும், தீர்ப்பும் வரும். 1995 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டப்படி, கம்பனி அந்தத் தீர்ப்பை மேல் நீதிமன்றத்தில் கொடுத்து நிறைவேற்றலாம். அதை நீக்கும்படி நீங்கள் கேட்க, தீர்ப்புக் கையில் கிடைத்ததிலிருந்து 60 நாள்தான். ஆகவே வீட்டுக்கு வந்த கடிதம் ஒவ்வொன்றையும் இன்று இரவே எடுத்து, மொழி தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசிப்பியுங்கள். நடுத்தீர்ப்பு அறிவித்தல் இருந்தால் மட்டும் சட்டத்தரணியிடம் போங்கள். அங்கே காசு செலவழிப்பது நியாயம். இல்லையென்றால், "முதலில் ஒரு வழக்குப் போடுவோம், பயப்படுவான்கள்" என்று சொல்பவரிடம் சிக்காதீர்கள். வழக்குப் போட்ட அன்றே இலவச வாசல் மூடிவிடும்.

பேச்சுவார்த்தைக்கு என்று கூப்பிட்டு ஓட்டோவை நிறுத்தச் சொன்னால், "என் விருப்பத்துடன் வாகனத்தை ஒப்படைக்கிறேன்" என்று அச்சடித்த தாளை நீட்டுவார்கள். அதில் கையெழுத்து வைக்க வேண்டாம்.

சரி, கம்பனியின் பதில் வந்து திருப்தியில்லை, அல்லது பதிலே இல்லை. அப்போது இரண்டு இடம். ஒன்று ஒம்புட்ஸ்மன். 2003 இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் வங்கிகளோடு நிதிக் கம்பனிகளும் லீசிங் கம்பனிகளும் சேர்ந்திருக்கின்றன. மற்றது மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம், 2020 இல் தொடங்கியது, தொலைபேசி 1935. கிளிநொச்சியில் மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகமும் இருக்கிறது. நிதியியல் நுகர்வோர் பாதுகாப்புக்கென 2023 இல் ஒழுங்குவிதிகளும் வந்துவிட்டன. கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள்.

காப்புறுதிப் பணம் பற்றிய சண்டை என்றால் அதற்கு வேறொரு ஒம்புட்ஸ்மன். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஓட்டோ ஒன்று, கடன் ஒன்று, கம்பனியே பிடித்துக் கட்டும் காப்புறுதியும் அதே தவணையோடு போகிறது. பிரச்சினை வந்தால் மட்டும் வாசல் மூன்று. அவுஸ்திரேலியாவில் தனித்தனியாக இருந்த மூன்று அமைப்புகளை 2018 நவம்பரில் ஒன்றாக்கிவிட்டார்கள். இந்தியாவில் ரிசர்வ் வங்கி தன்னிடம் இருந்த மூன்று ஒம்புட்ஸ்மன் திட்டங்களை 2021 நவம்பரில் ஒன்றாக்கியது. இங்கே கொடிகாமத்து ஓட்டோக்காரர் எந்தக் கதவைத் தட்டுவது என்று தானே கண்டுபிடிக்க வேண்டும். ஒம்புட்ஸ்மனோ கொழும்பில். யாழ்ப்பாணத்தில் மாதம் ஒரு நாள், பிரதேச செயலகத்தில் ஒரு மேசை போட்டு, தமிழ் தெரிந்த ஒரு அலுவலர் இருந்து முறைப்பாடு வாங்கினால் கச்சேரி வாசல் தரகர்களுக்கு வேலையே இருக்காது. இதைப் பல வருடமாகக் கேட்டுவருகிறேன், இனியும் கேட்பேன்.

உங்கள் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஒப்பந்த இலக்கம், வாகன இலக்கம், மொத்தம் கட்டிய தொகை, கம்பனி கேட்கும் 138,000, அதில் எதை மறுக்கிறீர்கள், கடைசியில் என்ன வேண்டும் என்பவை போதும். "கணக்கைத் திருத்தி, தவறாகப் போட்ட தாமதக் கட்டணத்தை நீக்கி, புத்தகத்தைத் தர வேண்டும்" என்று நேராக எழுதுங்கள். குடும்பக் கஷ்டத்தை இரண்டு வரிக்கு மேல் எழுத வேண்டாம். அவர்கள் பார்ப்பது கணக்கை. மூலப்பிரதி எதையும் அனுப்பாதீர்கள். பதிவுத்தபால் சீட்டைக் கம்பனிக்கு எழுதிய கடிதத்தின் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள், ஒம்புட்ஸ்மனுக்கு அனுப்பும் பத்திரக் கட்டில் முதல் தாள் அதன் போட்டோப்பிரதியாக இருக்கட்டும்.