ஹெண்டில் ஆட்டமும் முன்பக்கத் தட்டலும்: கேள்வி பதில்

கொக்கட்டிச்சோலையில் இருந்து: அண்ணே, என்னுடையது சிடி 100. முன் பிரேக் பிடித்தால் ஹெண்டிலுக்குக் கீழே 'டக்' என்று தட்டுது. கராஜில் கோன் செட் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?

பதில்: தம்பி, கோன் செட் என்றால் ஹெண்டில் திரும்பும் கழுத்தில் மேலும் கீழும் இருக்கும் கிண்ணங்களும் அதற்குள் ஓடும் இரும்புப் போல்களும்தான். ஆட்டம் எங்கே என்று பார்க்காமல் காசைக் கொடுக்காதீங்க. வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, ஒருவரைப் பின்பக்கம் அமுக்கச் சொல்லி முன் சில்லை நிலத்தில் இருந்து கிளப்புங்கள். சில்லுக்கு முன்னால் குந்தியிருந்து, போர்க்கின், அதாவது முன் சில்லைத் தாங்கும் ஷொக்கின், இரண்டு கால்களையும் அடியில் பிடித்து முன்னும் பின்னுமாக இழுத்துத் தள்ளுங்கள். இன்னொருவர், சட்டத்தின் கழுத்தும் போர்க்கைப் பிடிக்கும் கீழ்த் தட்டும் சேரும் இடுக்கில் விரலை வைக்கட்டும். விரலில் அசைவு பட்டால் கோன்தான். அங்கே அசைவே இல்லை, போர்க்கின் மேல் குழாய்க்கும் கீழ்க் காலுக்கும் இடையில்தான் ஆடுது என்றால் தேய்ந்தது போர்க். நீங்கள் எத்தனை கோன் செட் போட்டாலும் அந்தத் தட்டு போகாது. சில்லை மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடுதா? அப்படியென்றால் சில்லு பியரிங்.

கோன்தான் என்று தெரிந்தாலும் உடனே மாற்ற வேண்டியதில்லை. சில்லு தூக்கியபடியே ஹெண்டிலை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்புங்கள். வழுக்கிக்கொண்டு போனால் இறுக்கினாலே போதும். நேராக வரும் இடத்தில் 'கிளிக்' என்று மாட்டிக்கொண்டால், போல்கள் கிண்ணத்தில் குழி போட்டுவிட்டன. கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். வண்டி பெரும்பாலும் நேராகத்தானே ஓடுகிறது, அதனால் ரோட்டில் ஒவ்வொரு கிடங்கின் அடியும் அதே இடத்தில் விழுகிறது. படுவான்கரை கிரவல் ரோட்டில், கோன் லூஸாக இருக்க நெல் மூட்டையும் ஏற்றி ஓடினால் இது சீக்கிரமே வரும். பிறகு இறுக்கிப் பிரயோசனமில்லை, முழு செட்டாக மாற்றுங்கள். போலை மட்டும் புதிதாகப் போட்டுப் பழைய கிண்ணத்தை விடுகிற வேலை வேண்டாம்.

காத்தான்குடியில் இருந்து: கோன் இறுக்கியதும் தட்டு நின்றுவிட்டது. ஆனால் சந்தைக்குள் மெதுவாகப் போகும்போது வண்டி இப்ப நெளியுது அண்ணன்.

பதில்: கூடுதலாக இறுக்கிவிட்டார்கள். மெதுவாகப் போகும்போது ஹெண்டில் தானாகக் கொஞ்சம் கொஞ்சம் அசைந்துதான் வண்டியை நேராக வைத்திருக்கிறது. அதைப் பிடித்து வைத்தால் நெளியத்தான் செய்யும். சில்லைத் தூக்கி, ஹெண்டிலை நடுவில் வைத்து விரலால் லேசாகத் தட்டுங்கள். கேபிள் எதுவும் இழுக்காவிட்டால் தன் பாரத்திலேயே கடைசி வரை விழ வேண்டும்.

சரி செய்வதற்கு, மேல் தட்டின் நடு நட்டையும், போர்க்கை மேல் தட்டில் பிடிக்கும் போல்ட்டுகளையும் தளர்த்திவிட்டு, உள்ளே உள்ள வளைய நட்டை சி ஸ்பனரால் (கொக்கி மாதிரி வளைந்த ஸ்பனர்) திருப்புங்கள். ஆட்டம் நிற்கும் இடம் வந்ததும் விட்டுவிட வேண்டும். மேல் நட்டை முறுக்கும்போது கீழேயும் கொஞ்சம் இறுகும். எல்லாம் முடித்த பிறகு அந்த விரல் சோதனையை மறுபடி செய்யுங்கள், பல கராஜ்களில் விட்டுவிடுவது இதைத்தான். உளியும் சுத்தியலும் கொண்டு வளைய நட்டை அடிக்கிறவரிடம் வண்டியைக் கொடுக்கவே கூடாது.

கல்முனையில் இருந்து: அண்ணா, என்னுடையது பழைய டியோ. ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினால் முன்னால் கடகடவென்று சத்தம். கோன் நல்லாத்தான் இருக்காம்.

பதில்: இருக்கும் தங்கச்சி. அந்த டியோவுக்கு மோட்டார் சைக்கிள் மாதிரிப் போர்க் இல்லை. சில்லுக்கு இரண்டு பக்கமும் சிறிய லிங்க் கைகள் இருக்கும், அதன் புஷ் தேய்ந்தால் இப்படித்தான் கத்தும். கையால் பிடித்து அசைத்தாலே தெரியும்.

பொத்துவிலில் இருந்து: பெரிய கிடங்கில் சத்தமில்லை. சின்னக் கல் ரோட்டில் மட்டும் கிணுகிணு என்கிறது. டிஸ்க் பிரேக் வண்டி.

பதில்: ஓடிக்கொண்டே முன் பிரேக்கை லேசாகத் தொடுங்கள். சத்தம் நின்றால் பிரேக் பேட்தான் ஆடுகிறது. பேட் மாற்றினபோது உள்ளே இருந்த மெல்லிய ஸ்பிரிங் தகட்டைப் போடாமல் விட்டிருப்பார்கள்.

வாழைச்சேனையில் இருந்து: வாடிக்கு மீன் பெட்டி ஏற்றும் வண்டி. புதுக் கோன் செட் போட்டாலும் நிலைக்குதில்லை.

பதில்: உப்புத் தண்ணிதான் காரணம். சில்லு அடிக்கும் தண்ணி முதலில் போவது கீழ்க் கிண்ணத்துக்கு. கழற்றும்போது கிறீஸ் செம்மண் நிறத்தில் இருந்திருக்குமே? தண்ணிக்குத் தாங்கும் கிறீஸை கிண்ணம் நிறையப் பூசி, வருஷத்துக்கு ஒரு தரமாவது திறந்து புதுசு போடுங்கள். சேர்விஸுக்கு விட்டால் கழுத்துப் பக்கம் பிரஷர் கன் பிடிக்க விடாதீங்க. புதுக் கிண்ணம் சாய்ந்து இறங்கினாலும் நிலைக்காது, அதையும் கேட்டுப் பாருங்கள்.

செங்கலடியில் இருந்து: கோன் லூஸ் என்று தெரியும். நாளைக்குக் கொழும்பு போக வேண்டும். வந்து பார்க்கலாமா?

பதில்: லூஸ் மட்டும் என்றால் இன்றைக்கே இறுக்கிவிட்டுப் போங்க, ஸ்பனர் இருந்தால் பெரிய வேலையில்லை. ஹெண்டில் நேராக வரும் இடத்தில் மாட்டுது என்றால் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போங்க.