கொடையாளி செல் 96-இலிருந்து 81 சதவீதம்: மஜ்ஜை கைவிட்டுப் போகிறதா?

கேள்வி: எட்டு வயது மகனுக்குத் தலசீமியா (பிறவியிலேயே வரும் ரத்தசோகை நோய்). அக்காவின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்தி மூன்று மாதம் ஆகிறது. கைமெரிசம் பரிசோதனையில் (ரத்தத்தில் கொடையாளி செல் எவ்வளவு, சொந்த செல் எவ்வளவு என்று பார்ப்பது) கொடையாளி செல்கள் 30ஆம் நாள் 96%, 60ஆம் நாள் 88%, 90ஆம் நாள் 81%. ஹீமோகுளோபின் 10.4, ரத்தம் ஏற்றவில்லை. மஜ்ஜை நிராகரிக்கப்படுகிறதா?

பதில்: இறங்குவது உண்மை. நிராகரிப்பு என்று முடிவுகட்ட இந்த எண்கள் மட்டும் போதாது.

முதலில் இந்தப் பரிசோதனை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். டிஎன்ஏவில் ஒரு சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஓரிடத்தில் தம்பிக்கு 12, 15, அக்காவுக்கு 15, 18 (பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒவ்வொன்று) என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் பொதுவான 15-ஐ விட்டுவிடுவார்கள். வரைபடத்தில் 18-இன் உச்சிக்குக் கீழுள்ள பரப்பு 8,100, 12-இன் பரப்பு 1,900 என்றால் அக்காவின் பங்கு 81%. பல இடங்களின் சராசரிதான் அறிக்கையில் வருகிறது. 18-க்கு முன்னால் 17-இல் ஒரு போலி உச்சி எழுவது இந்த முறையின் இயல்பு. தம்பிக்கு 17 இருந்தால் அந்த இடத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இதனால் இரண்டு மூன்று சதவீத வித்தியாசத்துக்குப் பதற வேண்டாம். ஆனால் பதினைந்து சதவீத இறக்கம் அளவீட்டுப் பிழை அல்ல.

முழு ரத்தத்தில் எடுத்த எண் பலவகை வெள்ளணுக்களின் கலவை. சிவப்பணுவுக்கு உட்கரு இல்லாததால் அது இந்தக் கணக்கிலேயே வராது. ஆகவே சிடி3, சிடி15 என்ற இரு வகை வெள்ளணுக்களின் எண்ணையும் தனித்தனியாகக் கேளுங்கள். சிடி15 அணுக்கள் சில நாளே வாழ்பவை. மஜ்ஜை இன்று யாருடையது என்பதைக் காட்டும். சிடி3 என்பவை நோய் எதிர்ப்புக்கான டி செல்கள். இவற்றில் மகனின் பழைய செல்கள் நெடுநாள் தங்கும். சிடி15-இல் கொடையாளி பங்கு 95 சதவீதத்துக்கு மேல் நிலைத்து, சிடி3-இல் மட்டும் 50 என்றால் கண்காணிக்கலாம். இரண்டும் சேர்ந்து சரிந்தால் அவசரம்.

இத்தாலியின் பெசாரோ குழு தலசீமியாவில் நோயாளியின் சொந்த செல்களை 10 சதவீதத்துக்குக் கீழ், 10 முதல் 25, 25-க்கு மேல் என மூன்றாகப் பிரித்தது. முதல் இரண்டு மாதத்தில் 25-ஐத் தாண்டியவர்களில் ஏறக்குறைய எல்லோரும் மஜ்ஜையை இழந்தார்கள். உங்கள் மகனுக்கு அப்போது சொந்த செல்கள் 12%, நடுத்தட்டு. இரண்டு ஆண்டு கடந்தும் கலப்பு நிலையாக நின்றவர்களில், கொடையாளி பங்கு 20–30 சதவீதமே இருந்தும் ரத்தம் ஏற்றாமல் வாழ்பவர்கள் உண்டு. தலசீமியா சிவப்பணுக்கள் பெரும்பாலும் மஜ்ஜைக்குள்ளேயே அழிய, கொடையாளியின் அணுக்களே வெளியே வந்து ஓடுவதுதான் காரணம்.

இரண்டு வாரத்தில் அதே ஆய்வகத்தில் மறுபரிசோதனை செய்யுங்கள். ஊதா மூடி ஈடிடிஏ குழாயில் (ரத்தம் கட்டாமல் தடுக்கும் மருந்துள்ளது) எடுத்து, உறைய வைக்காமல், 24 மணி நேரத்துக்குள் சேர வேண்டும். சைக்ளோஸ்போரின் (நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து) ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ரத்தம் கொடுக்கும் நாளில் காலை மாத்திரைக்கு முன்பே கொடுங்கள். அந்த மருந்தைக் குறைப்பதா, அக்காவின் லிம்போசைட்டுகளை (ஒருவகை வெள்ளணு) சிறு அளவில் செலுத்துவதா என்பதை ஜிவிஹெச்டி (கொடையாளி செல்கள் மகனின் உடலைத் தாக்கும் பக்கவிளைவு) இருக்கிறதா என்று பார்த்து மருத்துவரே முடிவெடுப்பார். நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.