பூங்கா வரைபடம் வருமுன் யாரிடம் கேட்பது?

கேள்வி: எங்கள் வார்டில் பாழடைந்து கிடக்கும் நகராட்சிப் பூங்காவைப் புதுப்பிக்கப் போகிறார்கள். ஞாயிறு காலை 11 மணிக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தோம். நலச்சங்கத்து ஆண்கள் 12 பேர்தான் வந்தோம். மற்றவர்களை எப்படிப் பேச வைப்பது?

பதில்: வராதவர்களுக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஞாயிறு 11 மணி என்பது பல வீடுகளில் அடுப்படி நேரம். தூய்மைப் பணியாளர்கள் அப்போதுதான் வேலை முடிந்து திரும்புவார்கள். அவர்களைக் கூட்டத்துக்கு அழைப்பதை விட, அவர்கள் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போவதே சரி. ரேஷன் கடை வரிசை, டியூஷன் விடும் நேரம், மாலையில் குழந்தைகளோடு பெண்கள் உட்காரும் திண்ணை.

அங்கே போய், "என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள். ஊஞ்சல், நீரூற்று என்று எங்கோ பார்த்ததைத்தான் சொல்வார்கள். "நேற்று சாயங்காலம் எங்கே இருந்தீர்கள்? பூங்காவுக்கு ஏன் போகவில்லை?" என்று கேளுங்கள். நான் வேலை பார்த்த ஒரு வார்டில் எட்டாம் வகுப்புச் சிறுமி சொன்ன பதில் இன்னும் மனதில் நிற்கிறது: "ஒரே கேட்டுதான் சார். அதுலயும் அண்ணனுங்க பைக்க நிறுத்தி நிப்பாங்க." எங்கள் வரைபடத்திலும் ஒரே வாசல்தான் இருந்தது.

ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவிலும் இதே கதைதான். ஒன்பது, பத்து வயதுக்குப் பிறகு சிறுமிகள் பூங்காவுக்கு வருவது குறைகிறது என்று 1990களில் கண்டறிந்தார்கள். 1999இல் மார்கரெட்டன் பகுதியின் இரண்டு பூங்காக்களில் பாதைகளைக் கூட்டி, வாலிபால், பேட்மிண்டன் ஆட இடம் விட்டு, பெரிய திடலைச் செடி வரிசைகளால் பிரித்தார்கள். சிறுமிகள் திரும்பி வந்தார்கள். பையன்களை யாரும் விரட்டவில்லை.

அப்புறம், காகித வரைபடத்தை நீட்டினால் முக்கால்வாசிப் பேர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பூங்கா மண்ணிலேயே சுண்ணாம்புப் பொடியால் வாசல், பாதை, பெஞ்ச் எல்லாவற்றையும் நிஜ அளவில் கோடு போடுங்கள். எங்கள் வார்டில் பூ விற்கும் ஒரு பாட்டி அந்தக் கோட்டுக்குள் நடந்து பார்த்தார். பெஞ்ச் கோட்டைக் காலால் அழித்துவிட்டு, "இங்க வெயிலு, வேப்பமரத்துக்கிட்ட போடுங்கய்யா" என்றார். அங்கேதான் போட்டோம்.

இதெல்லாம் டெண்டருக்கு முன்பே நடக்க வேண்டும். எஸ்டிமேட் முடிந்துவிட்டால் ஒரு வாசலைக் கூட்டுவதுகூடப் பெரும்பாடு. தமிழகத்தில் 2022 விதிகளின்படி நகர்ப்புற வார்டுகளிலும் பகுதி சபைகள் உண்டு. ஏரியா சபா என்பார்களே, அந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் சபை, அதுதான். சேகரித்ததை அங்கே வைத்துத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள், நகல் கேட்டு வாங்குங்கள். எந்தக் கோரிக்கையை ஏற்றார்கள், எதை ஏன் விட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பூங்கா வாசலில் ஒட்டுங்கள். அந்தச் சிறுமி படிக்கிற உயரத்தில் ஒட்டுங்கள்.